பாட்டு முடிந்ததும் நிறுத்துவதா, தசை ஓய்ந்ததும் நிறுத்துவதா?

கை, தோள், தொடை, கெண்டைக்கால் எல்லாவற்றிலும் தசை தனித்தனியே பிரிந்து தெரிய வேண்டும். ஆனால் உடம்பு பருத்துவிடக் கூடாது. கடலூரிலும் சிதம்பரத்திலும் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் எங்களிடம் பெண்கள் வைக்கும் வேண்டுகோள் பெரும்பாலும் இதுதான். அதற்கு இரண்டு வழிகள் அவர்கள் கண்முன் இருக்கின்றன. ஒன்று, கைப்பேசியில் பார்க்கும் பார் வகுப்பு: இடுப்புயரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, பாட்டுக்கு ஏற்பச் சின்னச் சின்ன அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்வது. மற்றொன்று, பக்கத்துத் தெரு ஜிம்மில் ராடில் பிளேட் ஏற்றி ஐந்து முறையோ எட்டு முறையோ தூக்கி இறக்குவது. முதலாவது பெண்களுக்கு, இரண்டாவது ஆண்களுக்கு என்ற எண்ணம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. இந்தத் தொழிலில் நின்று நான் உறுதியாகச் சொல்லும் பதில் வேறு. தசை தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், கனமான எடைப்பயிற்சியே அடித்தளம். பார் வகுப்பும் நடனமும் அதன்மேல் வரலாம். ஒரு பயிற்சி தசையை அதன் எல்லைவரை கொண்டுபோகிறதா, அந்த எல்லை உயர்ந்தபின் பயிற்சியும் உயர்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எடைப்பயிற்சி நேராகப் பதில் வைத்திருக்கிறது. பார் வகுப்பில் அந்தப் பதில் பாதிதான் கிடைக்கிறது.

பார் வகுப்பு நடனத்தில் பிறந்தது. லோட்டே பெர்க் நாஜிகளிடமிருந்து தப்பி லண்டனில் குடியேறிய ஜெர்மானிய யூத நடனக் கலைஞர். முதுகில் காயம்பட்ட பிறகு, பாலே பயிற்சிக்கான கம்பியையும் காயத்திலிருந்து மீள்வதற்கான பயிற்சிகளையும் சேர்த்து ஒரு முறையை வகுத்தார். 1959-இல் லண்டனில் அதற்கென ஒரு கூடம் திறந்தார். அவரிடம் கற்ற லிடியா பாக் 1971-இல் அதை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். நம் மாவட்டத்தில் இதற்கு மிக நெருங்கிய சொந்தம் பரதநாட்டியத்தின் அரைமண்டி. பாதங்கள் பக்கவாட்டில் திரும்பி, முழங்கால்கள் வெளிப்புறம் விரிந்து, முதுகு நேராக நிற்க, பாதி அமர்ந்திருக்கும் அந்த நிலையில்தான் பாதத்தைத் தட்டி ஆடும் தட்டடவு மூன்று காலங்களிலும் நடக்கிறது. பார் வகுப்பு தொடையிடம் கேட்பதைத்தான் அரைமண்டியும் கேட்கிறது: மடங்கிய நிலையிலேயே நில், எழாதே, இன்னும் கொஞ்சம் தாங்கு. கனம் தூக்குவதும் நமக்குப் புதிதல்ல. தெற்கு மாவட்டங்களில் இளவட்டக்கல் இருந்தது; உருண்டையான அந்தக் கல்லைத் தரையிலிருந்து எடுத்துத் தோளுக்கு ஏற்றுவதுதான் இளைஞனின் பலத்துக்குச் சோதனை. ஆகவே இந்த விவாதத்தை வெளியூர்ச் சரக்குகள் இரண்டுக்கு நடுவிலான போட்டியாக நான் பார்க்கவில்லை. அரைமண்டிக்கும் இளவட்டக்கல்லுக்கும் இடையே எது எதைத் தரும் என்ற கேள்வி இது.

முதலில் தசை தெரிவது என்றால் உடலில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தோலுக்கு அடியில் கொழுப்பு, அதற்கும் அடியில் தசை. மேலே உள்ள கொழுப்பு மெலிந்து, கீழே உள்ள தசைக்குப் போதிய பருமன் இருந்தால் கோடு தெரியும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. எடையை மட்டும் குறைத்தவர்களுக்குக் கை மெலிகிறதே தவிர, தசை தெரிவதில்லை; அங்கே தெரிவதற்குத் தசை இல்லை. இது இந்தியர்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டு இதை விளக்கினார்கள். உயரத்தையும் எடையையும் ஒப்பிடும் உடல் நிறைக் குறியீட்டெண் இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு அதிகம், தசை குறைவு என்பதே நம்மில் பலரின் உடலமைப்பு. அப்படிப்பட்ட உடலுக்கு முதல் தேவை தசையைச் சேர்ப்பது. இருப்பதை மேலும் கரைப்பது இரண்டாவதுதான். சர்க்கரையின் பெரும்பகுதியை உணவுக்குப் பின் உள்வாங்கிக்கொள்வது தசை. வீட்டுக்கு ஒருவருக்காவது சர்க்கரை நோய் இருக்கும் நம் ஊர்களில், அழகுக்காகச் சேர்க்கும் தசை ஆரோக்கியத்துக்கும் முதலீடாகிறது.

தசை எப்படி வளர்கிறது? ஒவ்வொரு தசையிலும் சிறிய நார்த்தொகுதிகளும் பெரிய நார்த்தொகுதிகளும் உண்டு. லேசான வேலைக்கு நரம்பு மண்டலம் சிறியவற்றை மட்டும் அழைக்கிறது. வேலை கடினமாகும்போதுதான் பெரியவை ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. எல்வுட் ஹென்னமன் 1965-இல் தம் குழுவினருடன் விரிவாக நிறுவிய இந்த ஒழுங்கை உடலியங்கியல் படித்தவர்கள் அனைவரும் அறிவார்கள். அதிகம் பருமனாகக்கூடியவை அந்தப் பெரிய நார்கள்தாம். அவை வேலைக்கு வந்து, கணிசமான இழுவிசையைத் தாங்கினால்தான் வளர்ச்சிக்கான சமிக்ஞை கிடைக்கும். அவற்றை அழைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, முதல் தூக்கிலேயே அவை தேவைப்படும் அளவுக்குக் கனமான எடை. மற்றொன்று, லேசான எடையை, சிறிய நார்கள் களைத்துப்போய் பெரியவை வந்தே தீரவேண்டிய கட்டம்வரை விடாமல் தூக்குவது. கனத்துக்கும் லேசுக்கும் இடையிலான சண்டை முழுவதும் இந்த இரண்டு வழிகளைச் சுற்றித்தான் நடக்கிறது. இரண்டாவது வழியும் உண்மையான வழிதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாமல் வாதிடும் பயிற்சியாளர்களால்தான் ஜிம் பக்கத்து வாதம் நம்பகத்தன்மை இழக்கிறது.

ஆய்வுகள் லேசான எடைக்குச் சாதகமாகவே பேசுகின்றன என்பது நான் கேட்கும் முதல் மறுப்பு. அது நியாயமான மறுப்பு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் பிலிப்ஸின் ஆய்வகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே எடைப்பயிற்சி செய்துவந்த 49 ஆண்கள் 12 வாரம் பயிற்சி செய்தார்கள். ஒரு பிரிவு 8 முதல் 12 முறை தூக்கக்கூடிய எடையும், மறு பிரிவு 20 முதல் 25 முறை தூக்கக்கூடிய எடையும் பயன்படுத்தின. தசை வளர்ச்சி இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றே. அடுத்த ஆண்டு பிராட் ஷோன்ஃபெல்டும் உடனிருந்தோரும் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், பருமனில் பெரிய வித்தியாசம் இல்லை, பலத்தில்தான் கனமான எடை முந்துகிறது என்றே தெரிந்தது. ஆனால் இந்த ஆய்வுகளில் லேசான எடைக்காரர்கள் ஒவ்வொரு செட்டையும் இன்னொரு முறை தூக்கவே முடியாது என்ற நிலைவரை கொண்டுபோனார்கள். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் முடிவு மாறுகிறது. லேசான எடையின் பலன் தசை ஓயும்வரை தூக்குவதைச் சார்ந்திருக்கிறது, கனமான எடையில் அந்த அளவுக்குச் சார்ந்திருக்கவில்லை என்று பிரேசிலில் லாசெவிசியஸ் குழு காட்டியது. எடைக்குக் கீழ்வரம்பும் உண்டு. அதே குழுவின் 2018 ஆய்வில், ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 40, 60, 80 சதவீதம் நல்ல வளர்ச்சி தந்தன. 20 சதவீதம் ஓயும்வரை தூக்கியபோதும் வெகுவாகப் பின்தங்கியது. லேசான எடை வேலை செய்யும் என்ற வாக்கியம் உண்மை. ஆனால் அதன் பின்பாதியைச் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை.

அந்தப் பின்பாதியில்தான் பார் வகுப்பு தடுமாறுகிறது. வகுப்பில் ஒரு பயிற்சி எப்போது முடிகிறது? பாட்டு முடியும்போது. இருபது பேர் ஒரே தாளத்துக்கு நகரும் அறையில், ஒருவரின் தொடை எல்லையைத் தொட்டிருக்கும், இன்னொருவருக்குப் பாதி தூரம் இருக்கும், மற்றொருவர் நடுவிலேயே நிமிர்ந்து ஓய்வெடுத்திருப்பார். மூவரும் ஒன்றாக அடுத்த பயிற்சிக்குப் போய்விடுவார்கள். கைக்குக் கொடுக்கப்படும் ஒரு கிலோ, இரண்டு கிலோ தம்புள்ஸ் பெரும்பாலான பெண்களுக்கு அந்த 20 சதவீதக் கோட்டுக்குப் பக்கத்திலோ அதற்குக் கீழோ நிற்கிறது. தொடைக்குச் சொந்த உடம்பின் எடை மட்டுமே. புதிதாக வருபவருக்கு முதல் சில வாரங்களில் இதுவே பெரிய சுமைதான். கால் நடுங்கும், தொடை இறுகும், மாற்றம் கண்ணுக்குத் தெரியும். பலரும் பார் வகுப்பைப் புகழ்வது இந்தக் கட்டத்தின் அனுபவத்தை வைத்து. சில மாதங்களில் தசை பழகிவிடுகிறது. அப்போது வகுப்பு தரக்கூடியது இன்னும் பத்து அசைவு, இன்னும் அரை நிமிடம் தாங்கல். இவை தாங்குதிறனை வளர்க்கும். பருமனை அந்த அளவுக்கு வளர்க்காது. ராடில் அப்படி முட்டுச்சந்து வருவதில்லை. 20 கிலோ எளிதானால் 22.5, அது எளிதானால் 25. அடுத்த படி எப்போதும் எண்ணாகக் கையில் இருக்கிறது. அசைவின் வீச்சும் முக்கியம். ஓர் அங்குலம் ஏறி ஓர் அங்குலம் இறங்கும் அசைவைவிட, முழுதாக அமர்ந்து எழும் பஸ்கியும் ஸ்குவாட்டும் தசையை நீண்ட நிலையில் இழுத்து வேலை வாங்குகின்றன. அந்த நீட்சியில் கிடைக்கும் சுமை வளர்ச்சிக்கு உகந்தது.

அப்படியென்றால் நாட்டியாஞ்சலி மேடையில் தெரியும் உடல்களுக்கு என்ன பதில் என்று சிதம்பரத்துக்காரர்கள் கேட்பார்கள். 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டி நடக்கும் அந்த விழாவில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்து ஆடும் கலைஞர்களின் காலையும் முதுகையும் பார்த்துவிட்டு, ராடு தொடாமலே இது வாய்க்கிறதே என்று சொல்வது இயல்பு. அதற்கு மூன்று பதில்கள் இருக்கின்றன. மேடையில் நாம் பார்ப்பது பல வருடம் நிலைத்தவர்களை. இடையில் விட்டவர்களை நாம் பார்ப்பதில்லை. நடனத்துக்கு ஏற்ற உடல்வாகு உள்ளவர்களே அதிகம் நிலைக்கிறார்கள் என்பதால், உடலை நடனம் செய்தது எவ்வளவு, நடனத்தை அந்த உடல் தேர்ந்தெடுத்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இரண்டாவது, நேரம். சிறுவயதிலிருந்து அவர்கள் செலுத்தும் உழைப்பை வாரம் மூன்று மணி நேர வகுப்போடு ஒப்பிடக் கூடாது. மூன்றாவது, நோக்கம். நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் செதுக்கப்பட்ட 108 கரணங்கள் என்னும் நடன நிலைகளைப் பார்த்தாலே இது விளங்கும். அந்த உருவங்களில் தசையின் வெட்டு செதுக்கப்படவில்லை. முழங்காலின் மடக்கு, இடுப்பின் வளைவு, கையின் திசை என நிலையும் ஓட்டமும்தான் கல்லில் இருக்கின்றன. நடனம் அதற்காகவே உடலைப் பழக்குகிறது, அதில் நிகரில்லாமல் வெல்கிறது. அதனிடம் வேறு வேலையை எதிர்பார்ப்பது அதற்கு மரியாதை இல்லை. கலைஞர்களுக்கும் எடைப்பயிற்சி தேவைப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடனக் கலைஞர்களின் உடல்தகுதி பற்றிய ஆய்வுகளை யானிஸ் கூட்டெடாகிஸும் ஜமுர்டாஸும் 2004-இல் தொகுத்தபோது, கூடுதல் பயிற்சி அவர்களுடைய உடல்தகுதியை உயர்த்துகிறது, கலை நயத்துக்கு இடையூறு செய்வதில்லை என்றே எழுதினார்கள்.

கனம் தூக்கினால் ஆண்பிள்ளைபோல் ஆகிவிடுவேன் என்பது பெண்கள் சொல்லும் இரண்டாவது மறுப்பு. அந்த அச்சத்தை அலட்சியப்படுத்தாமல் பதில் சொல்வது எங்கள் கடமை. வளர்ந்த ஆணின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெண்ணைவிட ஏறக்குறைய 15 மடங்கு இருக்கும். பெண்களின் தசையும் எடைப்பயிற்சியால் வளரும். இருக்கும் தசைக்கு எத்தனை சதவீதம் கூடுகிறது என்று பார்த்தால் ஆண்களுக்கு நிகராகவே வளரும். ஆனால் தொடங்கும் அளவு சிறியது என்பதால் சேரும் அளவும் சிறியது. அதுவும் மாதக்கணக்கில், மெதுவாக. காலையில் எழுந்து பார்க்கும்போது திடீரென்று தோள் அகன்றிருக்காது. வேண்டிய அளவு வந்ததும் எடையைக் கூட்டாமல் நிறுத்திக்கொள்ளும் அதிகாரமும் தூக்குபவர் கையில்தான் இருக்கிறது. பலமும் பருமனும் ஒன்றல்ல என்பதற்கு மீராபாய் சானுவைவிடச் சான்று வேண்டியதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் அவர் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். அதில் 115 கிலோவை ஒரே தூக்கில் தலைக்கு மேல் நிறுத்தினார், தன் எடையைப்போல் இருமடங்குக்கும் மேல். இன்னும் பக்கத்தில் பார்த்தால், கடலூர் துறைமுகத்தில் மீன்கூடை சுமக்கும் பெண்களும், இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாகக் குடம் தூக்கும் பெண்களும் தினமும் தூக்குவது எந்தப் பார் வகுப்பின் தம்புள்ஸையும்விடப் பல மடங்கு கனம். நெல்லைப் பக்கம் சில ஊர்களில் பொங்கல் விளையாட்டில் பெண்களும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். உழைப்புக்குச் சுமந்தால் இயல்பு, உடம்புக்காகத் தூக்கினால் ஆபத்து என்று பிரிப்பதற்கு உடலியலில் எந்த ஆதாரமும் இல்லை.

மூட்டு தேயும், முதுகு பிடிக்கும் என்பது மூன்றாவது மறுப்பு. தவறான முறையில், தாங்காத எடையை, கண்காணிப்பில்லாமல் தூக்கினால் காயம் வரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் முறையாகச் செய்தபோது நடந்தது என்ன? ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் நடந்து 2018-இல் அச்சான ஆய்வில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் எட்டு மாதம், வாரம் இருமுறை, அரை மணி நேரம், ஐந்து செட் ஐந்து முறை என்ற கணக்கில், தங்கள் உச்ச எடையில் 80 சதவீதத்துக்கும் மேலாகத் தூக்கினார்கள். எடையைத் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட்டும் ஸ்குவாட்டும் அதில் இருந்தன. மறு பிரிவினர் வீட்டில் லேசான பயிற்சி செய்தார்கள். கனமாகத் தூக்கியவர்களின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. லேசாகச் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. பயிற்சியாளரின் மேற்பார்வையில் நடந்ததால் பெரிய காயம் எதுவும் ஏற்படவில்லை. அதற்கும் முன்பே, 1990-இல் மரியா ஃபியாடரோன் குழு முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் கனமான கால்பயிற்சி கொடுத்தது. அவர்களின் கால்பலம் சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. நடன வகையிலும் காயத்துக்கு வாய்ப்பு உண்டு. அரைமண்டியில் இடுப்பு மூட்டிலிருந்து திரும்ப வேண்டிய காலை, பாதத்தை மட்டும் திருப்பி ஈடுகட்டினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் விழும். எந்த வழியைத் தேர்ந்தாலும் காயத்தைத் தீர்மானிப்பது சொல்லிக்கொடுப்பவரின் கவனமும் படிப்படியான ஏற்றமும்தான்.

எரிச்சலையும் வியர்வையையும் அளவுகோலாக வைப்பது எங்கள் தொழிலில் மிகப் பரவலான பிழை. பார் வகுப்பின் நடுவில் தொடை பற்றி எரிகிறது, கால் ஆடுகிறது. எனவே தசை செதுக்கப்படுகிறது என்று நம்பத் தோன்றும். இடைவிடாமல் இறுகியிருக்கும் தசையில் ரத்த ஓட்டம் தடைபட்டுக் கழிவுகள் தேங்குவதன் உணர்வு அது. கடின உழைப்புக்கு அடையாளமே தவிர, வளர்ச்சிக்கு உறுதிமொழி இல்லை. ஐந்து முறை கனமாகத் தூக்கும்போது எரிச்சலே வராமல் போகலாம். பெரிய நார்கள் எல்லாம் வேலை செய்திருக்கும். வியர்வைக்கும் அப்படித்தான். கடற்கரை ஈரக்காற்றில் தகரக் கொட்டகைக்குள் சும்மா நின்றாலும் கடலூரில் சட்டை நனையும். வெளியேறியது தண்ணீர், ஒரு சொம்பு குடித்தால் திரும்பிவிடும். எந்த இடத்தில் எரிகிறதோ அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்ற நம்பிக்கையும் சோதனையில் நிற்கவில்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சி செய்தவர்களின் வயிற்றுத் தசையின் தாங்குதிறன் கூடியது, வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. கொழுப்பு உடல் முழுவதிலுமிருந்து, பிறவியமைப்பின்படி, தன் வரிசையில் குறையும். எந்த இடத்தில் தசை வளர வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம்; எந்த இடத்தில் கொழுப்பு கரைய வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கொழுப்பைக் குறைப்பது பெரும்பாலும் தட்டின் வேலை. இதைச் சொல்லாமல் பயிற்சியை மட்டும் விற்பது நேர்மையாகாது. நம் சாப்பாட்டில் அரிசி அதிகம், புரதம் குறைவு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி வளர்ந்தவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ பெண்ணுக்கு ஏறக்குறைய 46 கிராம். எடைப்பயிற்சியோடு சேர்ந்து தசையை வளர்க்க கிலோவுக்கு 1.6 கிராம்வரை பலன் தருகிறது என்று 2018-இல் வெளியான ஒரு பெருந்தொகுப்பு ஆய்வு சொன்னது. அதே பெண்ணுக்கு அது 88 கிராம். நாலு இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று ஓட்டினால் முதல் கணக்கே எட்டாது. இந்த மாவட்டத்தில் புரதத்துக்குத் தட்டுப்பாடு இல்லை. துறைமுகத்தில் இறங்கும் மத்தி, நெத்திலி, கவளை போன்ற விலை குறைந்த மீன் நூறு கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை ஒன்றில் 6 கிராம். விருத்தாசலம் பக்கத்து நிலக்கடலையில் நூறு கிராமுக்கு 25 கிராம்; ஆனால் எண்ணெய்ச் சத்தும் அதிகம் என்பதால் கைப்பிடி அளவோடு நிறுத்த வேண்டும். சைவம் உண்பவர்களுக்குச் சுண்டல், பாசிப்பயறு, தயிர், பனீர் எல்லாம் சேர்ந்தால் கணக்கு எட்டும். விலையுயர்ந்த பவுடர் டப்பா இல்லாமல் முடியாது என்று சொல்வது உண்மைக்குப் புறம்பானது. புரதம் போதாமல் உணவை மட்டும் குறைத்துப் பார் வகுப்பு செய்பவர், கொழுப்போடு தசையையும் இழக்கிறார். அதனால்தான் எடை குறைந்தும் உடம்பு தளர்வாகவே இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் பார் வகுப்பை ஒதுக்கித் தள்ள எனக்கு மனமில்லை, காரணமும் இல்லை. முதுகை நேராக வைத்துக்கொள்ளும் பழக்கம், இடுப்பைச் சுற்றியுள்ள சிறு தசைகளின் விழிப்பு, ஒற்றைக்காலில் நிலைக்கும் திறன், தாளத்தோடு மூச்சை இசைவிப்பது ஆகியவற்றை ராடு தராது. தந்தாலும் இந்த அளவுக்குத் தராது. கூட்டத்தோடு, பாட்டோடு, மகிழ்ச்சியோடு செய்வதால் விடாமல் வருகிறார்கள் என்பது மிகப் பெரிய பலம். எந்தப் பயிற்சியும் செய்தால்தான் பயிற்சி. ஜிம் வாசலில் நிற்கவே கூசும் பெண்ணுக்குப் பார் வகுப்போ அடவு வகுப்போ முதல் கதவாக இருந்தால் அதை நான் வரவேற்பேன். வகுப்பு நடத்துபவர்கள் சில மாற்றங்களைச் செய்தால் என் குறைகள் பலவும் நீங்கிவிடும். பாட்டு முடிந்ததும் மாறாமல், ஒவ்வொருவரும் தன் தசை ஓயும்வரை தொடர இடம் கொடுக்கலாம். இரண்டு கிலோவில் நிற்காமல் ஐந்து, எட்டு, பத்து என்று கைக்கும் காலுக்கும் சுமை ஏற்றலாம். அரையங்குல அசைவுகளுக்கு நடுவே முழு வீச்சுள்ள பயிற்சிகளைச் சேர்க்கலாம். அப்படிச் செய்தால் அது எடைப்பயிற்சியின் இலக்கணத்துக்குள் வந்துவிடும். அதுவே என் வாதத்துக்குச் சான்று: பார் வகுப்பு தசையை வளர்க்கும் இடங்களில் எல்லாம் அது இந்த இலக்கணத்தைப் பின்பற்றுவதால்தான் வளர்க்கிறது.

வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே ஒதுக்க முடிந்தவருக்கு நான் பரிந்துரைப்பது இது. இரண்டு நாள் எடைப்பயிற்சி, ஒரு நாள் நடனமோ பார் வகுப்போ. பெரியவர்கள் வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் சொல்கிறது. எடை நாளில் ஐந்து அசைவுகள் போதும்: அமர்ந்து எழுவது, தரையிலிருந்து தூக்குவது, மார்பிலிருந்து தள்ளுவது, தலைக்கு மேல் தள்ளுவது, தன்னை நோக்கி இழுப்பது. ஒவ்வொன்றிலும் மூன்று செட். ஒரு செட்டில் 6 முதல் 12 முறை. முடிக்கும்போது இன்னும் ஒன்றிரண்டு முறைதான் முடியும் என்ற நிலை. முதல் மாதம் முழுவதும் முறையைப் பழகவே செலவிட வேண்டும். வெறும் ராடோடு தொடங்குவதில் எந்தத் தாழ்வும் இல்லை. பிறகு ஒரு நோட்டில் தேதி, எடை, எண்ணிக்கை மூன்றையும் எழுதிக்கொண்டு, 12 முறை சுலபமானால் எடையைக் கூட்டுவது. வீட்டிலேயே செய்ய வேண்டியவர்களுக்கும் வழி உண்டு. புத்தகப் பையில் அரிசி நிரப்பி முதுகில் மாட்டிப் பஸ்கி எடுக்கலாம்; 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ, அதைத் தரையிலிருந்து முதுகு வளையாமல் தூக்கலாம்; தண்டாலைச் சுவரில் தொடங்கி, மேசை, தரை என்று இறக்கலாம். ரத்தக்கொதிப்பு, மூட்டு நோய், கர்ப்பகாலம், அண்மையில் அறுவை செய்துகொண்டது ஆகிய நிலைகளில் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

எஞ்சியிருப்பது எங்கள் தரப்புப் பொறுப்பு. பெண்கள் கனத்தைத் தவிர்ப்பதற்கு அவர்களுடைய அச்சம் மட்டும் காரணமில்லை, ஜிம்களும் காரணம். பெண்கள் வந்தால் டிரெட்மில்லில் ஏற்றிவிட்டு, கையில் சிறிய தம்புள்ஸைக் கொடுத்து ஓரமாக நிறுத்துவது இத்தொழிலில் வழக்கமாகிவிட்டது. ராடு இருக்கும் பக்கம் ஆண்கள் மட்டும் நிற்கும் இடமாக இருந்தால், எந்த ஆய்வைச் சொல்லியும் பயனில்லை. பெண் பயிற்சியாளர்கள், பெண்களுக்குத் தோதான நேரம், 20 கிலோவுக்கும் குறைந்த ராடுகள், அரைக் கிலோ, ஒரு கிலோ வித்தியாசத்தில் சிறு பிளேட்டுகள் ஆகியவை ஆடம்பரம் இல்லை; படிப்படியான ஏற்றத்துக்கு அடிப்படை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியும் நடனமும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. அடவு தெரிந்தவரும் டெட்லிஃப்ட் தெரிந்தவரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஊர் அமையாது. வகுப்பைத் தேர்ந்தெடுக்கப்போகும் பெண்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கூடத்தின் கண்ணாடியையும் பாட்டையும் விளம்பரப் படத்தையும் ஒதுக்கிவிட்டு, நடத்துபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மூன்று மாதம் கழித்து எனக்கு எது கூடியிருக்கும், அதை எப்படி அளப்பீர்கள்? தூக்கும் எடை, இடுப்புச் சுற்றளவு, செய்ய முடிந்த தண்டால் எண்ணிக்கை என்று எண்ணாகப் பதில் சொல்பவரிடம் சேருங்கள், அவர் கம்பியைப் பிடிக்கச் சொன்னாலும் சரி, ராடைத் தூக்கச் சொன்னாலும் சரி. வியர்க்கும், எரியும், உடம்பு மாறும் என்று மட்டும் சொல்பவரிடம் உங்கள் நேரத்தையும் பணத்தையும் கொடுக்காதீர்கள்.